சென்னையிலிருந்து நண்பர்களோடு கப்பல், அப்புறம் கடற்கரை: முழுமையான வழிகாட்டி

சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டு, அதே துறைமுகத்தில் இறங்கி, நேராக ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், போய் இன்னும் இரண்டு நாள் மணலில் கிடப்பது. சேர்ந்து ஊர் சுற்ற நினைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் திட்டம் இதுதான். வரிசையையும் மாற்ற வேண்டாம்: கப்பல் முதலில், கடற்கரை பிறகு.

காரணம் இருக்கிறது. கப்பலில் யாரும் எங்கும் ஓடிவிட முடியாது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டியதும் செல்போன் சிக்னல் போய்விடும், அலுவலக அழைப்பு வராது. வருடக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து பேசாதவர்கள் பேச ஆரம்பிப்பது அங்கேதான். ஆனால் கடலுக்கு நடுவில் இருந்தாலும் கடலைத் தொட முடியாது. அது பல மாடிக்குக் கீழே நீலமாகத் தெரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். காலில் அலை படவேண்டும், உப்புத்தண்ணீர் வாயில் போகவேண்டும் என்றால் கரைக்குத்தான் வரவேண்டும். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கிறது. தவிர, கப்பலின் தேதி நம் கையில் இல்லை, கடற்கரை அறையின் தேதி நம் கையில் இருக்கிறது. அசையாததை முதலில் வைத்துக்கொண்டு அசைவதை அதோடு ஒட்டுவதுதான் எளிது.

எந்த மாதம்

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் ஆண்டு முழுக்கப் போவதில்லை. இந்தியாவில் ஓடும் கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலுக்குப் பெரும்பாலான மாதங்களில் மும்பைதான் வீடு. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அரபிக்கடல் கொந்தளிக்கும், அந்தப் பக்கம் பயணிகள் கப்பல் ஓட்டுவது சிரமம். அதே நேரத்தில் தமிழகக் கரையை ஒட்டிய வங்காள விரிகுடா ஓரளவு அடங்கியிருக்கும். அதனால் கப்பல் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது முதல் இதுதான் வழக்கம்: ஜூனில் தொடங்கி சில மாதங்கள். அந்தந்த ஆண்டின் அட்டவணை முன்கூட்டியே வெளிவந்துவிடும். அதைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள்.

ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை என் தேர்வு. அதற்கு மீனும் ஒரு காரணம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை ஏறிக்கிடக்கும். ஜூன் 15-க்குப் பிறகு காசிமேட்டிலிருந்து படகுகள் கிளம்பும், ஓரிரு வாரத்தில் மீன் தாராளமாக வந்துவிடும். கடற்கரையில் இரண்டு நாள் தங்கி மீன் சாப்பிடப் போகிறவர்கள் தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் போய் நிற்பது நியாயமில்லை.

வெயிலை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜூன், ஜூலையில் காலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும், அனல்தான். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வந்ததும் ஊரே மூச்சுவிடும். கடற்கரை நாட்களைக் காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல் என்று பிரித்துக்கொண்டால் வெயில் ஒரு பொருட்டே இல்லை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். அப்போது கடல் பக்கம் விடுமுறை வைக்க வேண்டாம்.

எந்தப் பாதை

முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டு இரவு போதும். சென்னையில் ஏறி, கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்கும் பயணம். ‘எங்கேயும் இறங்காமல் என்ன பயணம்?’ என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். இறங்காமல் இருப்பதுதான் இதன் அழகு. கப்பலே ஊர். அதோடு, யாருக்காவது கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் இரண்டு இரவில் கரை வந்துவிடும்.

கொஞ்சம் நீளமாக வேண்டுமென்றால் விசாகப்பட்டினம், புதுச்சேரி போன்ற இடங்களைத் தொட்டுவரும் பயணங்கள் வந்திருக்கின்றன. விசாகப்பட்டினத்தில் இறங்கினால் ஆர்.கே. கடற்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைத் தவறவிடாதீர்கள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே குனிந்து நடக்கும்போது, இத்தனை குறுகலான இடத்தில் மனிதர்கள் வாரக்கணக்கில் எப்படி இருந்தார்கள் என்று தோன்றும். சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கிவந்து பார்ப்பதால் அது இன்னும் உறைக்கும். நேரம் இருந்தால் ருஷிகொண்டா கடற்கரை, இல்லையென்றால் கைலாசகிரி ரோப்வே. இரண்டும் வேண்டும் என்று ஓடாதீர்கள்.

2023-இல் இலங்கைக்கும் பயணம் தொடங்கியது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நிறுத்தங்கள். இலங்கைப் பாதை கிடைக்கிற ஆண்டில் திருகோணமலை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தென்மேற்குப் பருவமழை இலங்கையின் மேற்குக் கரையை நனைக்கும் மாதங்களில்தான் அதன் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். நிலாவெளிக் கடற்கரையில் அப்போது அலை முழங்காலைத் தொட்டுவிட்டுப் போகும். கடலுக்கு மேல் செங்குத்துப் பாறையில் கோணேசுவரம் கோயில். ஞானசம்பந்தர் பாடிய தலம் என்பதால் கூட்டத்தில் பக்தி உள்ளவர்களுக்கு அது தனி நிறைவு.

சிலர் அந்தமான் கப்பலோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அரசு பயணிகள் கப்பல்கள் போகின்றன. அவை ஊருக்குப் போகிற மக்களுக்கான கப்பல்கள். போகவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், நீச்சல் குளமும் மேடை நிகழ்ச்சியும் கிடையாது. பொறுமையும் நேரமும் உள்ள கூட்டத்துக்கு அது அருமையான அனுபவம், ஆனால் அது வேறு பயணம்.

ஆள் கணக்கு, பணக் கணக்கு

கப்பல் கட்டணம் பொதுவாக ‘அறைக்கு இருவர்’ என்ற அடிப்படையில் ஒரு ஆளுக்குச் சொல்லப்படும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். தனி ஆளாக அறை எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு பேர் பணத்தைக் கட்ட வேண்டிவரும். ஆகவே இரட்டைப்படையில் ஆள் சேருங்கள். ஒற்றைப்படை ஆகிவிட்டால் ஒரு அறையில் மூன்று பேர். மூன்றாவது ஆளுக்குச் சுவரிலிருந்து இறங்கும் மேல்படுக்கை, ரயில் அப்பர் பெர்த் மாதிரி. முழங்கால் வலி உள்ளவரை அங்கே ஏற்றாதீர்கள். யாருக்கு எந்தப் படுக்கை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

‘வருகிறேன்’ என்று சொன்னவரை ஆளாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. பணம் போட்டவர்தான் ஆள். ரத்துசெய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை நாள் நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே போகும், கடைசி நாட்களில் ஒன்றுமே வராது. ஒருவரைப் பொருளாளராக வைத்துக்கொண்டு, முன்பதிவுக்கு முன்பே எல்லாரும் அவருக்கு யூபிஐ செய்துவிட வேண்டும். ‘நீ போட்டுக்கோ, அப்புறம் தர்றேன்’ என்ற பேச்சே வேண்டாம். நல்ல நட்புகளில் விரிசல் விழுந்திருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தப் பொருளாளர் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி ஒரு ஷீட்டில் எழுதிவைக்கட்டும்.

விளம்பரத்தில் வரும் கட்டணம் முழுக் கட்டணமில்லை. துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் மேலே சேரும். கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே நண்பர்களிடம் எண்ணைச் சொல்லுங்கள். பொது உணவகங்களில் சாப்பாடு, நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சிகள் ஆகியவை வழக்கமாகக் கட்டணத்துக்குள் வந்துவிடும். மது, குளிர்பானம், ஸ்பா, வைஃபை, துறைமுகங்களில் சுற்றிப் பார்க்கும் பேருந்து ஆகியவை தனி. குடிக்காதவர்களும் குடிப்பவர்களும் கலந்த கூட்டத்தில் இந்தத் தனிச்செலவைப் பொதுக் கணக்கில் சேர்க்காமல் அவரவர் பார்த்துக்கொள்வதே நியாயம்.

எந்த அறை

ஜன்னல் இல்லாத உள் அறை, ஜன்னல் உள்ள அறை, பால்கனி அறை, சூட் என்று நான்கு தரம். நண்பர்கள் கூட்டத்துக்கு உள் அறை போதும் என்பது என் உறுதியான கருத்து. விடியும் வரை மேல்தளத்தில் பேசிக்கொண்டிருப்பீர்கள், அறைக்குப் போவது குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான். பால்கனி அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஈசிஆரில் கடலைப் பார்த்த அறைக்குக் கொடுங்கள், அங்கேதான் அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு விதிவிலக்கு: அடைத்த இடத்தில் மூச்சு முட்டும் ஆள் இருந்தால் அவருக்காவது ஜன்னல் உள்ள அறை எடுங்கள். உள் அறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, பகலா இரவா என்றே தெரியாது.

அறையின் தரத்தைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கப்பலின் நீளவாக்கில் நடுவிலும், கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். எம்ப்ரஸ் 1990-இல் பிரான்சில் கட்டிச் சேவைக்கு வந்த கப்பல், நீளம் சுமார் 210 மீட்டர். முனையில் ஓர் அறையும் நடுவில் ஓர் அறையும் இரண்டு வேறு கப்பல்போல இருக்கும். முன்பதிவில் அறை எண்ணைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் நடுப்பகுதியில் அடுத்தடுத்த அறைகளைப் பிடியுங்கள்.

பெயரும் ஆவணமும்

நம்மவர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரே ஆளுக்கு ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’, வாக்காளர் அட்டையில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ என்று மூன்று பெயர் இருக்கும். முன்பதிவுப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். பயணத்தன்று எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடி எழுத்து மாறாமல் பெயரை நிரப்புங்கள். பொருளாளர் தன் நினைவிலிருந்து நண்பர்கள் பெயரை நிரப்பக் கூடாது. ஒவ்வொருவரும் அட்டையின் படத்தை அனுப்பட்டும், அதைப் பார்த்து நிரப்பட்டும். ‘பாலா’ என்று இருபது வருடம் கூப்பிட்ட ஆள் அட்டையில் பாலசுப்பிரமணியனா, பாலமுருகனா என்பது அப்போதுதான் தெரியவரும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை போதும், அசலைக் கையில் வைத்திருங்கள். இலங்கைப் பாதை என்றால் பாஸ்போர்ட் கட்டாயம், திரும்பி வரும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். விசா நடைமுறையைக் கப்பல் நிறுவனத்திடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணத்துக்குச் சில நாள் முன்பு இணையத்தில் செக்-இன் செய்யச் சொல்வார்கள். அதைச் செய்து, போர்டிங் பாஸை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் யாரேனும் இருந்தால் முன்பதிவுக்கு முன்பே விதியைக் கேளுங்கள். குறிப்பிட்ட வாரத்துக்கு மேல் கப்பல்களில் ஏற்றுவதில்லை.

பையில் என்ன

இரண்டு பை. ஒன்று பெரியது, துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பிறகு அறைக்கு அனுப்புவார்கள். வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் இன்னொரு சின்னப் பையில் மருந்து, சார்ஜர், ஆவணம், ஒரு மாற்றுடை, நீச்சல் உடை. கப்பலுக்குள் ஏசி கடுமையாக இருக்கும், மேல்தளத்தில் இரவுக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஜூலை மாதச் சென்னை வெயிலில் ஸ்வெட்டர் எடுத்து வைப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் எடுத்து வையுங்கள். ஈரத் தளத்தில் வழுக்காத செருப்பு, எல்லா வகைப் பிளக்கும் ஏற்கும் அடாப்டர், தொலைந்தாலும் வருத்தப்பட வைக்காத குளிர்கண்ணாடி. இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பெட்டி, வெளி மது எதையும் ஏற்ற விடமாட்டார்கள்.

குமட்டலுக்கு மாத்திரை. அவோமின் போன்றவற்றைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், தலைசுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. தூக்கம் வரவைக்கும் மருந்து, மதுவோடு சேரக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு இருந்தால் குமட்டல் கூடும். இட்லி மாதிரி லேசாக ஏதாவது சாப்பிட்டு, தளத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். தலைசுற்றும்போது செல்போன் திரையைப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

ஏறும் நாள்

ராஜாஜி சாலையில் கன்டெய்னர் லாரி நெரிசல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தாம்பரம், வேளச்சேரி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மின்ரயில் நல்லது. சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே துறைமுகம். ஆனால் துறைமுகத்துக்குப் பல வாயில்கள், ஒன்றுக்கொன்று நல்ல தூரம். போர்டிங் பாஸில் எந்த வாயில் என்று போட்டிருக்கும். அதை வாட்ஸப் குழுவில் பின் செய்துவிடுங்கள். ஏறுவதற்கு உங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் போய்விடுங்கள். கப்பல் புறப்படச் சில மணி நேரம் முன்பே ஏறும் கதவை மூடிவிடுவார்கள்.

உள்ளே பாதுகாப்புச் சோதனை, ஆவணச் சரிபார்ப்பு, புகைப்படம். கையில் ஒரு அட்டை தருவார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே பணப்பை. கப்பலில் வாங்குவது எல்லாம் அதில் ஏறும், கடைசியில் கார்டில் கட்ட வேண்டும். கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்று வாங்கி அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: இது கேட்டால் உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்துக்குப் போக வேண்டும். 2012-இல் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, புதிதாக ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியே ஆக வேண்டும் என்று உலக விதி வந்தது. சாப்பாட்டு வரிசையை விட்டுவிட்டு இதற்குப் போங்கள், லைஃப் ஜாக்கெட் அறையில் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

அது முடிந்ததும் எல்லாரும் மேல்தளத்துக்கு வாருங்கள். கயிறுகளை அவிழ்ப்பார்கள், சின்ன இழுவைப் படகுகள் கப்பலை மெல்லத் திருப்பும். உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் குவிமாடங்களும், அப்புறம் மெரினா கலங்கரை விளக்கமும் நகர ஆரம்பிக்கும். தினமும் பேருந்தில் கடக்கிற ஊரைக் கடல் பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிய பிறகு பக்கவாட்டில் கீழே குனிந்து பாருங்கள். ஒரு சிறு படகு கப்பலின் வேகத்துக்கு ஒட்டி ஓடிவரும். கப்பலின் பக்கச் சுவரில் தொங்கும் கயிற்றேணியில், துறைமுகத்திலிருந்து கப்பலை வழிகாட்டி வெளியே கொண்டுவந்த பைலட் இறங்குவார். படகு ஏறி இறங்கும். அது மேலே எழும் நொடிக்காகக் காத்திருந்து காலை எடுத்து வைப்பார். பெரும்பாலான பயணிகள் அப்போது பஃபேயில் இருப்பார்கள்.

கடலில் இருக்கும் நாள்

ஏறியதுமே செல்போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். கரை சிக்னல் போனதும் சில கப்பல்களில் செயற்கைக்கோள் வழியாக வேறொரு நெட்வொர்க் வரும். போன் தானாக அதில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் தலையில் விழும். வீட்டில் ‘இரண்டு நாள் போன் கிடைக்காது’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கூட்டத்துக்குள் தொடர்பு கொள்ள வாட்ஸப் உதவாது என்பதால் ‘நாலு மணிக்கு நீச்சல் குளம், எட்டு மணிக்கு உணவக வாசல்’ என்று பழைய முறையில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் நிகழ்ச்சி நிரல் தருவார்கள். அதில் உள்ள எல்லாவற்றுக்கும் போக நினைத்தால் களைப்புதான் மிஞ்சும். இரவு மேடை நிகழ்ச்சி ஒன்றும், பகலில் ஏதாவது ஒன்றும் போதும். ஒரு விடியற்காலையை மட்டும் விடாதீர்கள். ஐந்தரை மணிக்குக் கிழக்குப் பக்கத் தளத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் கப்பல் பயணத்தைப் பரிந்துரைப்பேன்.

கேசினோவும் உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிய பிறகே திறப்பார்கள். அங்கே வைக்கிற பணம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே வையுங்கள், நண்பரிடம் கடன் வாங்கி மட்டும் விளையாட வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த நேரத்துக்குத் தளத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம்.

சைவக்காரர்களுக்குக் கவலை வேண்டாம், இந்தியப் பயணிகளுக்கான கப்பல் என்பதால் சைவமும் ஜைன உணவும் தாராளம். ஆனால் நம் ஊர்ச் சாம்பார் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பாக்கெட் பருப்புப்பொடியும் ஊறுகாயும் பையில் இருந்தால் சிலருக்கு உயிர் வரும், வெளி உணவுக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் துறைமுகத்தில் இறங்கும் பயணமாக இருந்தால் ஒரே விதி: கப்பல் யாருக்காகவும் நிற்காது. புறப்படும் நேரம் வேறு, எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னதைக் குறித்துக்கொண்டு, அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே திரும்புங்கள். புதுச்சேரி போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரைவரை வர ஆழம் போதாது. தள்ளி நங்கூரமிட்டுப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள், அந்தப் படகு வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இறங்கும் முந்தின இரவு அறைக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். காலையில் கவுன்டரில் பெரிய வரிசை இருக்கும்.

கரைக்கு வந்தபின்: எந்தக் கடற்கரை

இறங்கிய அன்றே கடற்கரைக்குப் போய்விடுங்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று பிரிந்தால் பாதிப் பேர் திரும்ப வர மாட்டார்கள். வேன் ஒன்றை முன்பே பேசித் துறைமுகத்துக்கே வரச்சொல்லுங்கள். இரண்டு இரவுக்குப் பிறகு சில மணி நேரம் தரை ஆடுவதுபோல் இருக்கும், அதனால் அன்று யாரும் வண்டி ஓட்டாமல் இருப்பதும் நல்லது.

கோவளம் கிட்ட இருக்கிறது, ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கே 2021-இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு உலக அளவில் தருவது) பெற்ற பகுதி உண்டு. குளிக்க எல்லை குறித்த இடம், உயிர்காப்பாளர்கள், கழிப்பறை, குளியல் வசதி எல்லாம் இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் உள்ள கூட்டத்துக்கு இதுதான் என் முதல் தேர்வு. அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழக வேண்டும் என்றாலும் கோவளம்தான் சரி. மீனவ இளைஞர்களே பயிற்சி தருகிறார்கள், சின்ன வயதிலிருந்து அந்த அலையோடு வளர்ந்தவர்கள். முதல் பாடத்திலேயே பலகையில் ஒரு நொடியாவது எழுந்து நிற்க வைத்துவிடுவார்கள்.

மாமல்லபுரம் இன்னும் கொஞ்சம் தள்ளி. கடற்கரைக் கோயிலைக் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் பாருங்கள், பேருந்துகள் வருவதற்குள். கோயிலை ஒட்டிய பாறைப் பகுதியில் கடலில் இறங்க வேண்டாம். தங்குவதற்கு விலை குறைந்த அறை முதல் பெரிய ரிசார்ட் வரை இருக்கிறது. அலைச்சறுக்கு இங்கேயும் உண்டு. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே இங்கேதான் நடந்தது.

புதுச்சேரி 150 கிலோமீட்டர், மூன்று நாளாவது இருந்தால் போங்கள். அங்கே ஊருக்கு முன்னால் இருக்கும் கடற்கரை கல் கொட்டியது, நடக்கத்தான், குளிக்க அல்ல. சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போகும் பாரடைஸ் கடற்கரை, சின்ன வீராம்பட்டினத்தில் நீலக்கொடி பெற்ற ஈடன் கடற்கரை ஆகியவை கூட்டத்துக்கு ஏற்றவை.

விடியற்காலையில் மீனவக் குப்பத்துப் பக்கம் ஒருமுறை நடந்து போங்கள். ஃபைபர் படகு மணலில் ஏறும்போது பத்துப் பேர் சேர்ந்து தள்ளுவார்கள். வலையிலிருந்து மீனைக் கழற்றும் இடத்திலேயே பெண்கள் ஏலம் எடுப்பார்கள். அங்கே வாங்கிய சங்கராவை அறைக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் மசாலா தடவி வறுத்துத் தருவார்கள். விலையில் அடித்துப் பேரம் பேச வேண்டாம், படம் எடுக்கும் முன் கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

கடலில் இறங்கும்போது

இதை எல்லாரும் சேர்ந்து படியுங்கள். நம் கரையில் சில அடியிலேயே தரை சரிந்து ஆழமாகிவிடும், இழுப்பும் அதிகம். மெரினாவில் இறங்கிக் குளிக்கக் காவல்துறை தடை வைத்திருப்பது அதனால்தான்.

இழுப்பு எங்கே இருக்கிறது என்று கரையிலிருந்தே பார்க்கலாம். ஐந்து நிமிடம் நின்று அலைகளைக் கவனியுங்கள். வரிசையாக அலை உடைந்து வெள்ளையாக வரும் இடங்களுக்கு நடுவில், ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக இருக்கும். தண்ணீர் கலங்கி மண் நிறத்தில் இருக்கும், நுரை கரையை நோக்கி வராமல் உள்ளே போகும். புதிதாக வருகிறவர்கள் ‘இங்கே அலையே இல்லை’ என்று அங்கேதான் இறங்குகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. எவ்வளவு பலசாலியும் களைத்துவிடுவார். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த வாய்க்கால் அகலம் குறைவு. அதிலிருந்து விலகியதும் அலையே கரைக்குத் தள்ளிவிடும். கரையில் நிற்கும் நண்பர் உணர்ச்சிவசப்பட்டுக் குதிக்கவும் கூடாது, ஒருவர் இருவராகிவிடுவார்கள். மிதக்கும் எதையாவது எறியுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன் ஒன்று போதும். கடற்கரைக்குப் போகும்போதே ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். உயிர்காப்பாளரையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள். 1093 கடலோரப் பாதுகாப்புக்கான எண், 108 ஆம்புலன்ஸ்.

குடித்துவிட்டுக் கடலில் இறங்குவதில்லை என்பதைப் பயணத்துக்கு முன்பே கூட்டமாக முடிவு செய்யுங்கள். கரையில் ஒருவர் எப்போதும் ஆளெண்ணிக்கொண்டு நிற்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இருட்டியபின் யாரும் கால்கூட நனைக்க வேண்டாம். சொறிமீன் பட்டு எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல்தண்ணீராலேயே கழுவுங்கள்.

திரும்புவது

ஞாயிறு மாலை ஈசிஆரில் திரும்பாதீர்கள். முட்டுக்காட்டிலிருந்து திருவான்மியூர் வரை வண்டி ஊர்ந்துதான் வரும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் அலுவலக நேரத்துக்குள் வீட்டில் இருக்கலாம், கூடவே கடலோரம் இன்னொரு இரவும் கிடைக்கும். வேனில் ஏறியதும் பொருளாளர் ஷீட்டைத் திறந்து, மிச்சப் பணத்தை அங்கேயே எல்லாருக்கும் அனுப்பிவிடட்டும்.